அரைக் கட்டை

மாலை நான்கு ஐம்பத்திரண்டு. மேடையில் நான் முதலில் பார்த்தது என் கீபோர்டின் இடது ஓரத்தில் எரிந்துகொண்டிருந்த சிறிய சிவப்பு விளக்கு. அதற்குப் பிறகுதான் மேசையும், அதன்மேல் விரித்திருந்த மஞ்சள் துணியும், மூடாமல் விட்டுப்போன மடிக்கணினியும், இரண்டு மைக்குகளும் கண்ணில் பட்டன. வாசிக்க வேண்டியவர் அங்கே இல்லை. சட்டை மாற்றப் போயிருந்தார். மேடைக்குக் கீழே ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முதுகு என் பக்கம் இருந்தது.

கீபோர்டு என்னுடையது. அதில் வாசிக்கப்போகிற பாட்டும் என்னுடையது. இரண்டாவது விஷயம் ஊரில் மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, பாட வந்திருந்த பெண்ணுக்கு, சட்டை மாற்றப் போன ஸ்டுடியோக்காரருக்கு.

கீபோர்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் பதினாறு வருடம் செய்தி திருத்திக்கொண்டிருந்தேன். ஆட்குறைப்பில் என்னையும் அனுப்பினார்கள். சங்கரன்கோவிலுக்கு வந்து அதே பத்திரிகைக்குப் பகுதி நேர நிருபரானேன். குடியிருந்தது ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடியில். கீழே காலை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கும் தறிகள் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் நிற்கும். தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்தால் அதன் பரப்பு நடுங்கும். அந்த அறையில் மைக் வைத்து எதையும் பதிவு செய்ய முடியாது. மிடி கீபோர்டுக்கு மைக் தேவையில்லை. அதை ஒரு வயரால் கணினியில் சொருகினால், எந்தக் கட்டையை எப்போது அழுத்தினேன், எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு நேரம் என்பதை மட்டும் அது கணினிக்குச் சொல்லும். சத்தத்தைக் கணினியில் இருக்கும் மென்பொருள் போட்டுக்கொள்ளும். புல்லாங்குழல் வேண்டுமென்றால் புல்லாங்குழல், வீணை வேண்டுமென்றால் வீணை. நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். கீழே தறி பாட்டுக்குத் தறி ஓடும்.

கூரியர்காரர் அதைக் கொண்டுவந்த அன்று பிரித்துக் காட்டச் சொன்னார். நான்கைந்து கட்டைகளைத் தட்டிப் பார்த்தார். கட்டை போய் வரும் டொக் டொக் ஓசை மட்டும் கேட்டது.

"என்ன அண்ணாச்சி, சத்தமே வரமாட்டேங்கு. டேமேஜா? ரிட்டன் போடுதியளா?"

"அது அப்படித்தான். வாய் கெடையாது."

"வாயில்லாத பொட்டியப் போயி வாங்கியிருக்கிய," என்று சொல்லிக்கொண்டே கையெழுத்து வாங்கினார். ஒரு வாரத்தில் தெருவில் அதற்கு ஊமைப்பொட்டி என்று பெயர் நிலைத்துவிட்டது.

அம்மன் பாட்டு ஒன்றுக்கு மெட்டுப் போட எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. வரிகள் நானே எழுதியவை. அவற்றில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மெட்டு நன்றாக வந்திருந்தது. பாடிப் பார்க்க ஒரு பெண் கிடைத்தார். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை, கல்யாணமானவர், பள்ளியில் படிக்கும் மகள் ஒருத்தி. அவரை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வரச் சொன்னேன். அந்த அறிவிப்பை என் பத்திரிகைக்குத் தட்டச்சு செய்து அனுப்புகிறவன் நான்தான் என்பதால் தேதியில் குழப்பம் வராது. ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. மடிக்கணினியில் பேட்டரி இருந்தது, கீபோர்டுக்கு அதிலிருந்தே மின்சாரம். இரண்டு மணி நேரம் பாடினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம் மட்டும் இரண்டு இடத்தில் குறுக்கிட்டது.

குரலைச் சரியான அறையில் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஊரில் அப்படி ஓர் அறை ஸ்டுடியோக்காரரிடம்தான் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு, கதவில் ரப்பர். கல்யாண வீடியோ, தேர்தல் நேரத்தில் ஆட்டோ விளம்பரம், கோயில் பாட்டு எல்லாம் அங்கேதான் நடக்கும். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். மெட்டு முழுவதையும் பென்டிரைவில் எடுத்துப்போய்க் கொடுத்தேன். பதிவு முடிந்ததும், மிக்ஸ் பண்ணி வைக்கிறேன், பிறகு சொல்கிறேன் என்றார்.

பிறகு அவர் சொல்லவில்லை. ஆனி மாதத் தொடக்கத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரரின் போனில் என் பாட்டைக் கேட்டேன். பாட்டு முடிந்ததும் ஒரு குரல், இசை என்று சொல்லி ஸ்டுடியோக்காரரின் பெயரைச் சொன்னது. பல்லவியின் இரண்டாவது வரி முடிகிற இடத்தில் என் மோதிர விரல் வழுக்கிப் பக்கத்துக் கட்டையை உரசியிருந்தது. மென்பொருளில் அது ஒரு மெல்லிய பட்டையாகத் தெரியும். அழித்துவிடலாம் என்று இருந்து மறந்துபோனேன். டீக்கடைப் போனில் அந்த உரசலும் இருந்தது. என் பெயரை எடுத்தவர் என் பிழையை எடுக்கவில்லை.

நேரே ஸ்டுடியோவுக்குப் போனேன். அவர் வீடியோ ஒன்றில் மாப்பிள்ளையின் முகத்தை வெளுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"டியூன் என்னுதுல்லா வே," என்றேன்.

"டியூனுன்னா என்ன அண்ணாச்சி? இருக்கது ஏழு சுரம். நீங்க கொண்டாந்த பென்டிரைவுல சத்தம் இருந்துச்சா? எந்தக் கட்டைய எப்ப அமுக்கணும்னு ஒரு லிஸ்ட்டு. சத்தம் பூரா நான் போட்டது."

"என் வெரல் வழுக்கின எடத்தயும் சேத்துப் போட்டிருக்கீரு."

"அதுவா? அது ஒரு அழகுன்னுல்லா நெனச்சேன்," என்று சிரித்தார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பேப்பர்ல எழுதுத ஆளு நீங்க. உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி இந்தச் சோலி?" என்றார்.

வெளியே வந்து குறிப்பேட்டில் அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டேன். நேரம் பதினொன்று இருபது. இதில் நான் முழு யோக்கியன் இல்லை. டெஸ்க்கில் இருந்தபோது எத்தனையோ நிருபர்களின் பெயரைச் செய்தியிலிருந்து வெட்டியிருக்கிறேன். இடம் போதவில்லை என்பேன். அவர்கள் போன் செய்து கேட்டால், செய்திதானே முக்கியம் என்பேன். அது நினைவுக்கு வந்தது. வந்ததால் கோபம் குறையவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த மனிதர் தன் வாயால், ஊர் கேட்க, மைக்கில், இந்த மெட்டு இன்னார் போட்டது என்று சொல்ல வேண்டும். அது நடக்காதென்றால் அவர் வாசித்து ஊர் முகம் சுளிக்க வேண்டும்.

நாற்பது நாள் பேசாமல் இருந்தேன். எதிரே வந்தால் வணக்கம் வைத்தேன். அவருடைய பழக்கங்களைப் பார்த்து வைத்துக்கொண்டேன். ஒரு பழக்கம் போதும் என்று தெரிந்தது.

எங்கள் பக்கம் கீபோர்டு வாசிக்கிறவர்களில் நிறையப் பேர் வெள்ளைக் கட்டைகளில்தான் பழகியவர்கள். சுருதியின் அளவையும் கட்டை என்றுதான் சொல்வார்கள். ஒரு கட்டை சுருதியில் விரலை வைத்தால்தான் கை போகும். பாடுகிறவரின் சுருதி வேறாக இருந்தால் கையை மாற்றமாட்டார்கள், பெட்டியை மாற்றுவார்கள். டிரான்ஸ்போஸ் என்ற வசதி அதற்கு இருக்கிறது. இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்தினால் அத்தனை கட்டைகளும் அரைக் கட்டை ஏறும். மறுபடி அழுத்தினால் இன்னும் அரை. விரல் ஒரு கட்டையில் இருக்கும், சத்தம் அஞ்சு கட்டையில் வரும். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். ஸ்டுடியோக்காரரும் அப்படித்தான். ஆனால் பெட்டி எங்கே நிற்கிறது என்று காதால் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. அவர் அந்த வகை இல்லை. அவர் விளக்கைப் பார்ப்பார். விளக்கு எரிந்தால் மாற்றியாயிற்று என்று அர்த்தம். எவ்வளவு மாற்றியிருக்கிறது என்று அந்த விளக்கு சொல்லாது.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் நிறைந்திருந்த வாரம். ஒரு தெருக்காரர்கள் தங்கள் தெருமுனையில் மேடை போட்டு, மாலையில் பாட்டு, பிறகு பிள்ளைகள் ஆட்டம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். அம்மன் பாட்டு அதற்குள் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டார்கள். விழாக் குழுத் தலைவர் ஒரு நிபந்தனை வைத்தார். "பென்டிரைவச் சொருகிட்டு கைய ஆட்டுத சோலி வேண்டாம். போன வருசம் ஒருத்தன் அப்படித்தான், கைய எடுத்துத் தலையச் சொறியுதான், பாட்டு பாட்டுக்கு ஓடுது. கையில வாசிக்கணும், சொல்லிட்டேன்."

அன்றைக்கு அவருடைய பெரிய கீபோர்டு கடையநல்லூரில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் போய்விட்டது. முதல் நாள் மாடி ஏறி என் அறைக்கே வந்தார். தறிச் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, கோவத்த ஓரமா வைங்க. உங்க ஊமப்பொட்டிய ஒரு நாளைக்குத் தாங்க. என் லேப்டாப்புல சொருகிக்கிடுதேன்."

"எத்தன மணிக்கு வேணும்?" என்றேன்.

அவர் கொஞ்சம் திகைத்தார். கெஞ்ச வேண்டியிருக்கும் என்று தயாராக வந்திருப்பார் போல. "நீங்க பெரிய மனுசன் அண்ணாச்சி," என்று சொல்லிக் கையைப் பிடித்தார். அவர் இறங்கிப் போனதும் கையைக் கழுவினேன்.

மறுநாள் நான்கு மணிக்கு ஒத்திகை. நான் செய்தி சேகரிக்க வந்தவனாக ஓரத்தில் நின்றேன். தாளமும் தம்பூராவும் பின்னணித் தந்திகளும் அவருடைய கணினியிலிருந்து தானாக ஓடும். புல்லாங்குழல் பகுதியை மட்டும் அவர் கையால் வாசிப்பார். பாடுகிற பெண்ணுக்கு அஞ்சு கட்டை. அவர் பொத்தான்களை எண்ணி அழுத்தினார், விளக்கு எரிந்தது, எல்லாம் சேர்ந்து ஒலித்தது. பல்லவி முடிந்ததும், "மிஷின்னா மிஷினுதான், இதுக்குத் தொண்ட கட்டாது," என்றார். பிறகு அவர் சட்டை மாற்றப் போனார்.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு மேடை ஏறி மேசைப் பக்கம் போனேன். சொந்தப் பொருளைப் பார்க்கிறவன் போலக் குனிந்தேன். இடது கைப் பெருவிரல் ஒரு பொத்தானில், ஆள்காட்டி விரல் இன்னொன்றில். ஒருமுறை அழுத்தினேன். அரைக் கட்டை ஏறியது. விளக்கு ஏற்கனவே எரிந்துகொண்டிருந்ததால் பார்வைக்கு எதுவும் மாறவில்லை. சத்தமும் வரவில்லை. நாற்காலி போடுகிறவர் இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார். இறங்கி வந்து முதல் வரிசைக் கடைசியில் உட்கார்ந்தேன்.

ஐந்து முப்பத்தொன்றுக்குப் பாட்டு தொடங்கியது. தம்பூராவும் தாளமும் நான்கு சுற்று தனியாக ஓடின. அவர் புதுச் சட்டையில், இளநீல நிறம், கண்ணை மூடிக்கொண்டு முதல் கட்டையை அழுத்தினார்.

சோற்றில் கல் கடித்தது போல இருந்தது. இரண்டு சுருதிகள் அரைக் கட்டை இடைவெளியில் ஒன்றோடொன்று உரசினால் சுருதி தெரியாதவனும் முகத்தைத் திருப்புவான். அவர் திருப்பவில்லை. வாசித்துக்கொண்டே போனார். பாடுகிற பெண் கண்ணைத் திறந்தார். மேடையில் கீபோர்டைக் கேட்டுத்தான் பாடுகிறவர்கள் சுருதி எடுப்பார்கள், அது வழக்கம். அவரும் அப்படியே எடுத்து அரை வரி பாடினார். கீழே தம்பூரா வேறு இடத்தில் இருப்பது தெரிந்ததும் அதற்கு இறங்கினார். இப்போது குரலும் தம்பூராவும் சேர்ந்தன, புல்லாங்குழல் தனியாக நின்றது. ஸ்டுடியோக்காரர் அந்தப் பெண்ணை முறைத்துப் பார்த்து, கூட்டத்துக்குத் தெரியும்படி தலையை ஆட்டினார்.

எனக்குப் பின்னால் ஒருவர், "என்ன வே, பொட்டி ஒரு பக்கம் போவுது, புள்ள ஒரு பக்கம் போவுது," என்றார்.

"வாரும், நாமளும் ஒரு பக்கம் போவோம்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

ஸ்டுடியோக்காரர் எதையோ சரி செய்வதாக நினைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். என் பெட்டியின் பொத்தான்கள் அவருக்குப் பழக்கமில்லாதவை. புல்லாங்குழல் ஒரு ஸ்தாயி கீழே விழுந்து உறுமியது. பின்வரிசையில் சிரிப்பு தொடங்கி முன்னால் வந்தது. "ஏலே, பன்னி பூந்திட்டுடே!" என்று யாரோ கத்தினார்கள். அந்தப் பெண் பாடுவதை நிறுத்தி மைக்கிலேயே சொன்னார்:

"அண்ணே, சுதி ஏறியிருக்கு. டிரான்ஸ்போஸப் பாருங்க."

அவர் விளக்கைப் பார்த்தார். எரிந்தது. "எல்லாம் கரெட்டாத்தான் இருக்கு. மிஷினு தப்பு பண்ணாதும்மா. நீ சுதியில நில்லு."

"நான் நின்னுக்கிட்டுதான் இருக்கேன். பொட்டிதான் நிக்கல."

கூட்டம் அந்தப் பெண்ணுக்குக் கை தட்டியது. விழாக் குழுத் தலைவர் மேடைப் படியில் ஏறி, "வே, ஒத்திகையெல்லாம் பாத்தீரா பாக்கலியா? நிப்பாட்டும் முதல்ல," என்றார். கணினி நின்றது. ஸ்டுடியோக்காரரின் நெற்றியிலிருந்து வேர்வை இளநீலக் காலரில் இறங்கி அந்த இடம் கறுத்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நாள் அதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன். இரக்கம் வருகிறதா என்று எனக்குள்ளேயே தேடிப் பார்த்தேன். வரவில்லை.

அப்போது அவர் மைக்கைக் கையில் எடுத்தார்.

"பெரியவங்க மன்னிக்கணும். ஒரு உண்மையச் சொல்லிருதேன். இந்தப் பாட்டுக்கு டியூன் நான் போட்டதில்ல." என் பெயரைச் சொன்னார். இனிஷியலோடு சொன்னார். எந்தப் பத்திரிகை என்பதையும் சேர்த்துச் சொன்னார். "அவருதான் போட்டாரு. அன்னா, முன்னால உக்காந்திருக்காரு. டியூனே எடக்கு. பொட்டியும் அவரு பொட்டிதான். நான் எத்தனைன்னு சமாளிக்க?"

மணி ஐந்து முப்பத்தொன்பது. முதல் வரிசையிலிருந்து கடைசிவரை தலைகள் என் பக்கம் திரும்பின. "பேப்பர்காரருக்கு எதுக்குவே இந்த வேல?" என்று ஒருவர் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. நான் குறிப்பேட்டில் அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். நான் கேட்க விரும்பிய வாக்கியம் அதில் அப்படியே இருந்தது.

பிள்ளைகள் ஆட்டத்தை முன்னால் இழுத்துவிட்டார்கள். அவர் வயரை உருவினார், விளக்கு அணைந்தது. அந்தப் பெட்டி மின்சாரம் போனால் எதையும் நினைவில் வைத்திருக்காது. மறுபடி சொருகினால் பழையபடி தொடங்கும். நான் அழுத்தியது எங்கேயும் பதிவாகவில்லை. மேடைக்குப் பின்னால் அதை என் கையில் திணித்தார். அண்ணாச்சி என்ற விளி இப்போது இல்லை.

"உம்ம பொட்டி உமக்கே. ராசியில்லாத சனியன்."

"டியூன் யாருதுன்னு சொன்னதுக்கு நன்றி வே," என்றேன்.

என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். ஏதோ ஒன்று அவருக்குப் பிடிபடப் பார்த்தது. பிடிபடவில்லை. போய்விட்டார்.

பாடிய பெண் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மகளோடு நின்றார். என்னைப் பார்த்ததும் வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க போட்டது அப்படியில்லல்லா? உங்க ரூம்ல பாடும்போது எவ்வளவு சேந்து நின்னுச்சு."

"அப்படியில்ல."

"எத்தன பேரு போன்ல படம் எடுத்தாவன்னு பாத்தியளா? அடுத்த மாசம் ராஜபாளையத்துல ஒரு மேடைக்குச் சொல்லியிருக்காவ. இதப் பாத்தா கூப்பிடுவாவளா?"

"கூப்பிடுவாவ," என்றேன். அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

"நீங்க ஒரு வார்த்த மைக்குல சொல்லிருங்க. டியூனும் சரி, பாடினதும் சரி, பொட்டியிலதான் கோளாறுன்னு. போட்டவரு நீங்க சொன்னா கேப்பாவ. இன்னும் கூட்டம் கலையல."

கோளாறு என்று சொன்னால் என்ன கோளாறு என்று கேட்பார்கள். என்ன என்று சொன்னால் யார் என்று கேட்பார்கள். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மேடையில் பிள்ளைகளின் பாட்டு ஆரம்பமாயிற்று.

"பாப்போம்மா," என்றேன்.

அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையப் பக்கம் நடந்தார்.

ஏழு ஐந்துக்குச் செய்தி அனுப்பினேன். தெரு விழா, தலைவர் முன்னிலை, பக்தி இன்னிசை, பிள்ளைகள் ஆட்டம், திரளானோர் பங்கேற்பு. நான்கு வரி. பத்து நிமிடத்தில் டெஸ்க்கிலிருந்து கேட்டார்கள்: பாட்டுக்கு இசையமைத்தவர் பெயர் விடுபட்டிருக்கிறது, இடம் இருக்கிறது, சேர்த்து அனுப்பவும்.

பெயர் கிடைக்கவில்லை என்று பதில் அனுப்பினேன்.